ஆறாவது வாசலில் விளக்குக்காரி

பழவேற்காட்டுச் சலாஹுதீன் பாயின் மகள் ஷஹனாஸுக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கோபம் வந்த வேகத்தில் போய்விடும், பிடிவாதம்தான் போகாது. ஒன்றைப் பிடித்தாள் என்றால் யார் தலைகீழாக நின்றாலும் விடமாட்டாள். இந்தப் பிடிவாதத்தைப் படிப்பில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று அவள் உம்மா புலம்புவார். படிப்பிலும் காட்டத்தான் செய்தாள், பாவம். பொன்னேரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துப் பட்டம் வாங்கினாள். ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் இங்கிலீஷில் நாலு வார்த்தை கோவையாகப் பேச வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடிப்போனது.

அந்த ஒரு வருஷமும் அவளுக்குத் துணை ஒரு வீடியோ கேம். அவள் தம்பி ரஷீத் பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவன். அவன்தான் சென்னைக்குப் போய் ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கி வந்தான். கூடவே கடைக்காரன் ஒரு டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டான். உறையில் கறுப்பாக ஒரு கோட்டைப் படம், எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. அதன் பேர் என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கறுப்புக் கோட்டை என்று இவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள்.

லேசுப்பட்ட ஆட்டமில்லை அது. கையில் ஒரு கத்தியையும் கேடயத்தையும் கொடுத்துக் கோட்டைக்கு முன்னால் நிறுத்திவிடும். உள்ளே ஏழு வாசல், வாசலுக்கு ஒரு காவலாளி. காவலாளியை விடுங்கள், வழியில் நிற்கிற நோஞ்சான் சிப்பாய்கூட ரெண்டு போடு போட்டால் நம் ஆள் காலி. எதிரியைச் சாய்த்தால் அவன் உடம்பிலிருந்து கனல் பறந்து வந்து நம்மிடம் சேரும். செத்தால் சேர்த்த கனல் அத்தனையும் போச்சு, பழைய இடத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டும். ரஷீத் முதல் வாரத்திலேயே கைவலி, கழுத்துவலி என்று சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

முதல் வாசலைத் தாண்டினால் ஒரு மண்டபம். அங்கே ஒரு பெண் கையில் விளக்கோடு நிற்பாள். கிட்டே போனால் என்னவோ சொல்வாள். திரையில் இரண்டு வரி வரும். ரஷீத் ஒரு நாள் மேல் வரியை அழுத்தினான். அவ்வளவுதான். நாள் முழுக்க உயிரைக் கொடுத்துச் சேர்த்த கனல் மொத்தமும் அவள் விளக்குக்குள் போய்விட்டது. பதிலுக்குப் புதுக் கத்தி வரவில்லை, கேடயம் வரவில்லை, ஒரு மருந்துக் குப்பிகூட வரவில்லை. ரஷீத் போட்ட கூச்சலில் கூடத்தில் உட்கார்ந்திருந்த சலாஹுதீன் பாய் எழுந்து வந்தார்.

"இன்னாடா?"

"இந்தப் பொம்பள எல்லாத்தையும் வாங்கிக்கினா வாப்பா. ஒண்ணும் குடுக்கல."

"அப்போ அவகிட்ட இன்னொரு தபா போவாத" என்றார் சலாஹுதீன் பாய்.

அவர் ஏரிக்கரையில் நண்டும் இறாலும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். கரையில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கை வாங்கிக்கொண்டு கையை விரித்தவன் எவனாக இருந்தாலும், அவனோடு மறுபடி யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஏன் எதற்கு என்று விசாரணை கிடையாது. ஒரு முறை போனால் போனதுதான், கரையில் ஒருத்தர் அவன் முகத்தில் முழிக்க மாட்டார். அந்த வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அன்றைக்கே விளக்குக்காரிக்குத் திருடி என்று பேர் வைத்தாயிற்று.

ரஷீத் ஆட்டத்தை விட்ட பிறகு ஷஹனாஸ் தனக்கென்று புதிதாக ஒரு ஆட்டம் ஆரம்பித்தாள். மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெண் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூப்பிடுவாள். ஷஹனாஸ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். செத்துச் செத்து, காவலாளி எந்தத் தோளைச் சாய்த்தால் எந்தப் பக்கம் வெட்டுவான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒவ்வொரு வாசலாகத் திறந்தாள். வருஷம் முடிகிறபோது ஆறாவது வாசலில் நின்றாள். அங்கே காவலுக்கு நின்றவள் யார் தெரியுமா? அதே விளக்குக்காரிதான். விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையில் அரிவாள் வைத்திருந்தாள். 'பாத்தியா, கள்ளிதான்' என்று ஷஹனாஸ் ரஷீத்திடம் சொன்னாள். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி, புது கேம்களை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க ஆள் எடுக்கிறது. கவரைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை தேர்வு. தனக்குப் பிடித்த, ஆடுவதற்குக் கடினமான ஒரு கேமைப் பற்றி, அதன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது ஷஹனாஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் வீட்டில் வேறு ஏற்பாடு நடந்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் இறாலைக் குளிரூட்டி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் சலாஹுதீன் பாய் அவளுக்கு வேலை பேசிவிட்டிருந்தார். வந்த லோடு, போன லோடு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். குறை சொல்லக்கூடிய வேலையில்லை. ஆனால் அந்த நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் தன்னை யாரும் எழுப்பமாட்டார்கள், தானும் எழுந்திருக்கப் போவதில்லை என்று ஷஹனாஸுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயம்தான் தனக்கு நன்றாக வருகிறது. அதையே கேட்டு ஒரு கம்பெனி கூப்பிடும்போது விட்டுவிடுவதா?

"சனிக்கெழம போய்ப் பாரு" என்றார் சலாஹுதீன் பாய். "கெடச்சா அங்க போ, நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா திங்கக்கெழம கும்மிடிப்பூண்டி. அப்பால பேஜாரு பண்ணக்கூடாது."

"பண்ணல வாப்பா" என்றாள் ஷஹனாஸ்.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். பலம் எழுதக் கை தானாக ஓடியது. இந்த ஆட்டம் பொய் சொல்லாது என்று எழுதினாள். அடிக்கப் போகிறவன் அடிப்பதற்கு முன்னால் ஒரு ஜாடை காட்டுவான். பார்த்தவள் பிழைப்பாள், அவசரப்பட்டவள் சாவாள், செத்தால் தப்பு நம்முடையதே தவிர ஆட்டத்தினுடையது இல்லை. பாஷை தெரியாதவளும் ஆடலாம். தோற்றுப்போனவளுக்கு இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம் என்ற ரோஷத்தைக் கொடுக்கும். பிறகு பலவீனம். தூண் பக்கம் ஒதுங்கினால் நம் ஆளே திரையில் மறைந்துபோவான், அடிக்கிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற இடங்களுக்கு நடுவே ஏகப்பட்ட தூரம். இப்போது இருக்கிற கரண்ட் கட்டில் பாதி நாள் உழைப்பு பாழாகிவிடும். கடைசியாக, பெரிய குறை என்று இதை எழுதினாள்: இந்த ஆட்டம் எவ்வளவு ஆடினாலும் நம்மைப் பலசாலி ஆக்காது. முதல் வாசலில் எப்படி நின்றோமோ ஆறாவது வாசலிலும் அதே சோனிதான். அந்த வாசலில் நிற்கிற விளக்குக்காரியைப் பற்றியும் இரண்டு வரி எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கவரைப்பேட்டை. கல்லூரியில் ஒரு பெரிய அறையில் டிவியும் கேம் பெட்டிகளும் வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். சம்பூர்ணம் என்ற நடுத்தர வயது அம்மாள்தான் ஆள் எடுக்கிற பொறுப்பில் இருந்தவர். கேம் ஆடத் தெரியாது, ஆட்களைப் படிக்கத் தெரியும். பக்கத்தில் ஆகாஷ் என்று ஒரு இளைஞன், ஏற்கெனவே அங்கே கேம் சோதிக்கிறவன். ஷஹனாஸின் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

ஆகாஷ் அவள் தாளை வாங்கி முதல் வரியைப் படித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏழு வாசல், கனல்... மேடம், இந்த கேம் எனக்கு உயிரு. இங்கிலீஷ் டிஸ்க்ல மூணு தடவ முடிச்சிருக்கேன்." பலத்தைப் படித்துத் தலையாட்டினான். தூண் பற்றிய குறையைப் படித்து, "கரெக்ட், கரெக்ட்" என்றான். ஷஹனாஸுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏம்மா, நம்ம ஆள் பலசாலி ஆவவே மாட்டான்னு எழுதிருக்கே?"

"ஆவ மாட்டான் சார். மொதல்ல எப்படியோ அப்படியேதான்."

"விளக்கு வெச்சிக்கினு ஒரு லேடி நிப்பாங்களே, அவங்ககிட்ட போவலையா?"

"அவ திருடி சார்."

ஆகாஷ் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அழுகிற அளவுக்குச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவங்கதாம்மா பலம் குடுக்கறவங்க. கனலைக் குடுத்தா உயிரு ஏறும், கைல வலு ஏறும். ஆட்டமே அதுலதான் இருக்கு. உள்ள ஒரு பக்கத்துல நம்பரெல்லாம் இருக்கும், அது ஒண்ணு ஒண்ணா ஏறும். பாக்கலையா நீ?"

அந்தப் பக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். மேலிருந்து கீழ் வரை ஜப்பான் எழுத்து, ஓரத்தில் நம்பர். அன்றைக்கு ரஷீத்துக்கு அதில் ஒரு பத்து பதினொன்றாக மாறியிருக்கும். அதை யார் பார்த்தார்கள்? ஷஹனாஸுக்கு இரண்டு காதும் சுட்டது. ஒரு வருஷம் செத்த சாவெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. முதலில் ரஷீத்மேல் ஆத்திரம் வந்தது, அப்புறம் வாப்பாமேல். கடைசியில் தன்மேல்தான் வந்தது. தனியாக ஆட்டம் ஆரம்பித்தவள் தான்தானே, ஒரு முறை அந்த மேல் வரியை அழுத்திப் பார்க்கத் தனக்கு என்ன கேடு?

சம்பூர்ணம் தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரு தடவை பாத்துட்டு திருடின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"இங்க வேலையே, எதையும் ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாம இருக்கறதுதாம்மா" என்றார் சம்பூர்ணம். குரலில் கோபமில்லை. அதுதான் ஷஹனாஸுக்கு இன்னும் வலித்தது.

அத்தோடு முடிந்திருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருப்பாள். ஆகாஷ் தாளின் கடைசி வரிகளுக்கு வந்திருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இது இன்னாது? ஆறாவது வாசல்ல விளக்கு லேடி அரிவாளோட நிக்கிறாங்களா? அங்க நிக்கிறது ஒத்தக்கண்ணுத் தளபதி. மூணு தடவை நான் அவனை அடிச்சிருக்கேன். அதுவும் இல்லாம, பலம் ஏத்தாம மூணாவது வாசலே தாண்ட முடியாது." தாளை மேஜைமேல் வைத்தான். "நீ ஆடலம்மா. யாரோ சொன்னதக் கேட்டு, மீதிய நீயே ஜோடிச்சி எழுதிக்கினு வந்திருக்க."

ஷஹனாஸ் எழுந்து நின்றாள். 

"சார், மொதல்ல சொன்னீங்களே, அது என் தப்பு. ஒத்துக்கிறேன். இப்ப சொல்றீங்களே, அது தப்பு. நான் பொய் எழுதல. அவ அங்க நிக்கிறா."

"நிக்கல."

"நிக்கிறா சார். நீங்க எத்தினி மணி வரைக்கும் இருப்பீங்க?"

"நாலு மணிக்கு வண்டி கிளம்பிடும்" என்றார் சம்பூர்ணம்.

"அதுக்குள்ள காட்டறேன் மேடம். காட்டலன்னா நானே தாளக் கிழிச்சிப் போட்டுட்டுப் போறேன்."

வெளியே வந்து ரஷீத்துக்குப் போன் போட்டாள். "டேய், பொட்டி, வயரு, டிஸ்க்கு, மெமரி கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கினு உடனே கவரைப்பேட்ட வா."

"கடைய யாரு லாத்தா பாக்கறது?"

"மூடுடா கடைய."

"லாத்தா, டிவியுமா?"

"டிவி இங்க கீது. வாடா சீக்கிரம், திட்டிடுவேன்."

அக்காவின் குரலைக் கேட்டுப் பயந்தானோ என்னவோ, ரஷீத் சாப்பிடக்கூடச் செய்யாமல் பைக்கில் கிளம்பி வந்து சேர்ந்தான். கேம் பெட்டி அடிபடக் கூடாதென்று வாப்பா நண்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில் துண்டைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஏரிக்கரை வாடை. வரிசையில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பூர்ணம் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"ரஷீத், விளக்குக்காரி திருடி இல்லியாம்" என்றாள் ஷஹனாஸ் வயரைச் சொருகிக்கொண்டே. "பலம் குடுக்கறவளாம்."

ரஷீத் ஆகாஷைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. "நான்தானே லாத்தா..." என்று ஆரம்பித்தான்.

"வுடு. அதப் பேச நேரமில்ல இப்போ."

அவள் கடைசியாகச் சேமித்து வைத்த இடத்திலிருந்து ஆறாவது வாசலுக்குப் போக ஒரு பாலம். பாலத்தில் வில்லாளிகள், பாலம் முடிகிற இடத்தில் இரண்டு வேட்டை நாய்கள். பலம் ஏற்றியவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று ஆகாஷ் சொன்னான். பலம் ஏற்றாதவளுக்கு ஒரு அம்பு பட்டால் போதும். ஆகாஷ் முதல் வேலையாக நம்பர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தான். எல்லாமே ஆரம்பத்தில் இருக்கிற பத்து. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் முறை பாலத்தில் பாதி தூரம் போயிருந்தாள். பொட்டென்று டிவி அணைந்தது. கரண்ட் கட். கல்லூரியின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது, டிவி வந்தது, ஆட்டம் போனது. மறுபடி பழைய இடம். தாளில் எழுதிய குறைகளில் ஒன்று நேரிலேயே வந்து சாட்சி சொல்லிவிட்டது என்று வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ஷஹனாஸ் சிரிக்கவில்லை. உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

இரண்டாவது முறை நாய். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற நாய்தான். பின்னால் இத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது, அந்த ஒரு நொடியில் குரல்வளையைப் பிடித்துவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ரஷீத் தலையில் கை வைத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை தாண்டியிருந்தது. தோற்றால் என்ன ஆகும் என்று அவள் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி, நாற்காலி, வந்த லோடு, போன லோடு. அது போகட்டும், வேலைதானே. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் என்று ஒரு பேர் இந்த அறையிலிருந்து கூடவே வருமே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"வாணாம், பதறாத" என்றான் ஆகாஷ் மெதுவாக. அவன் குரல் மாறியிருந்தது. அவளை நம்பினானோ இல்லையோ, பத்தாம் நம்பர் உடம்போடு அந்தப் பாலத்தில் ஒருத்தி ஓடுவதைப் பார்க்க அவனுக்கே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை அவள் அவசரப்படவில்லை. வில்லாளி கையை உயர்த்துவதற்குக் காத்திருந்தாள், அம்பு போன பிறகு நகர்ந்தாள். நாய் பதுங்கியது, அது பாய்கிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாய்ந்தது, ஒதுங்கினாள், வெட்டினாள். இரண்டாவது நாய் வந்தது, அதற்கும் அதே மரியாதை. கதவு திறந்தது.

உள்ளே கல் தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அரிவாளோடு அவள் நின்றாள்.

ஆகாஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஐயோ" என்றான், சத்தமே இல்லாமல். "மேடம், இத நான் பாத்ததே இல்ல. யாருமே பாத்திருக்க மாட்டாங்க மேடம். இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவன் எவனும் அவங்ககிட்ட கனல் குடுக்காம வரமாட்டான். ஒரு தடவைகூடக் குடுக்காம வந்தாத்தான் இவங்க இங்க நிக்கிறாங்க." அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரிவாள் இறங்கியது, ஷஹனாஸின் ஆள் செத்து விழுந்தான். அவள் கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். அந்தக் காவலாளியை அவள் இன்றுவரை ஜெயித்ததில்லை. காட்டுகிறேன் என்றுதான் சொன்னாள், காட்டிவிட்டாள்.

ஆகாஷ் நேராக அவளிடம் வந்தான். "மன்னிச்சிக்க. பொய்யின்னு சொல்லிட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "இதக் கேளு. ஆபீஸ்ல பெரியவர் இந்தத் தாளப் படிப்பார். பலம் ஏத்த வழி இருக்குன்னே இந்தப் பொண்ணுக்குத் தெரியலன்னு இருந்தா தூக்கிப் போட்டுடுவார், நானே அப்படித்தான் பண்ணியிருப்பேன். வேணும்னேதான் பலம் ஏத்தல, சவாலுக்கு ஆடினேன்னு மாத்தி எழுதிடு. படிச்ச ஒடனே எடுத்துக்குவாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மேடமும் சொல்லமாட்டாங்க."

சம்பூர்ணம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதுத் தாளையும் பேனாவையும் ஷஹனாஸ் முன்னால் தள்ளி வைத்தார்.

"எழுது லாத்தா" என்றான் ரஷீத். "சவாலுக்குத்தான்னு எழுது. கேக்கறதுக்கும் கெத்தா கீது."

கெத்தாகத்தான் இருந்தது. ஒரு வரி மாற்றினால் ஒரு வருஷத்து முட்டாள்தனம் ஒரு வருஷத்து வீரமாகிவிடும். ஷஹனாஸுக்கு ஆசை வராமல் இல்லை, நிறையவே வந்தது. பேனாவை எடுத்தாள். வேண்டுமென்றே என்ற வார்த்தையின் முதல் எழுத்தை எழுதவும் எழுதிவிட்டாள். அங்கேயே கை நின்றது. இப்போதுதானே இத்தனை பேர் முன்னால் நான் பொய் எழுதவில்லை என்று மல்லுக்கட்டி, கடையை மூடவைத்து, நண்டுப் பெட்டியை வரவழைத்து நிரூபித்தாள்? நிரூபித்த கையோடு பொய் எழுதுவதா? அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அந்த எழுத்தை அடித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதி முடித்துத் தாளைச் சம்பூர்ணத்திடம் நீட்டினாள்.

சம்பூர்ணம் சத்தமாகவே படித்தார். "விளக்குக்காரி பலம் தருகிறவள் என்பது எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நாங்கள் அவளைத் திருடி என்று முடிவுகட்டினோம். இந்த ஆட்டம் நம்மைப் பலசாலி ஆக்காது என்று நான் எழுதியது தவறு. அவளிடம் ஒன்றுமே கொடுக்காமல் வந்தால் ஆறாவது வாசலில் அவளே காவலுக்கு நிற்கிறாள். இது சரி."

ஆகாஷ் தலையில் அடித்துக்கொண்டான். ரஷீத் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"ஏம்மா?" என்றார் சம்பூர்ணம். "அவன் சொன்ன மாதிரி எழுதியிருக்கலாமே?"

"எழுதலாம் மேடம். ஆனா நாளைக்கு உங்க கேம்ல இன்ன எடத்துல கோளாறு கீதுன்னு நான் எழுதிக் குடுப்பேன். அப்போ நான் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நீங்க நம்பணும் இல்ல?"

 சம்பூர்ணம் இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துடும்மா. பெரியவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். "ஆகாஷ், வண்டிய வரச் சொல்லு. மணியாச்சு."

ஷஹனாஸுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டாள். ரஷீத் என்ன செய்வதென்று தெரியாமல் நண்டுப் பெட்டிக்குள் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். "ச்சீ, போடா" என்று அதைத் தள்ளிவிட்டுத் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரி வாசலுக்கு வந்ததும் வாப்பாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கரையின் இரைச்சல், யாரோ ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா, திங்கக்கெழம நான் கும்மிடிப்பூண்டிக்குப் போவல."

"கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சி."

சலாஹுதீன் பாய் கொஞ்சம் தள்ளிப் போனார் போலிருக்கிறது, இரைச்சல் குறைந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "இங்கிலீஷ்ல கேட்டாங்களா?"

"இல்ல வாப்பா. தப்பு பண்ணியான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"ஆமான்னு சொன்னதுக்கா வேல குடுத்தாங்க?"

"ஆமா வாப்பா" என்றாள் ஷஹனாஸ்.